வாசற்படியில் நின்றுவிடும் மகன்: டோபமைன் குறைவு என்கிறார்கள், இது உண்மைதானா?

கேள்வி
எழுதியவர்: தறிவீட்டுத் தாய், பல்லடம் வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். பல்லடத்துக்கு அருகில் விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்து கொடுக்கும் குடும்பம் எங்களுடையது. என் மகனுக்கு வருகிற தை மாதத்தில் 17 வயது நிறைகிறது. மூன்றரை வயதில் அவனுக்கு ஆட்டிசம் இருப்பது உறுதியானது. பேச்சு மிகவும் குறைவு என்றாலும், பசித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். நூல் கோன்களை நிறம் பார்த்து அடுக்கித் தருவான். அவனுடைய அப்புச்சியின் தோட்டத்துக்குப் போனால், மடை திருப்பி முடியும் வரை வரப்பிலேயே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஓடுவதிலும், பந்து பிடிப்பதிலும், சட்டைப் பொத்தான் போடுவதிலும் சிறு வயது முதலே தடுமாற்றம் உண்டு. அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

சென்ற ஆடி மாதத்துக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. வெளியே கிளம்பும்போது வாசற்படியில் நின்றுவிடுகிறான். வலது காலைத் தூக்கிப் படிக்கு அந்தப் பக்கம் கொண்டு போவான்; ஊன்றப் போகிற நேரத்தில் பின்னுக்கு இழுத்துக்கொள்வான்; மறுபடியும் தூக்குவான். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், பதினான்கு முறை. நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. சாப்பிடும்போது, சோற்றைப் பிசைந்து எடுத்த கை பாதி வழியில் நின்றுவிடும். விரல்களில் ஒட்டிய பருக்கைகள் காய்ந்து போகும் வரை அப்படியே உட்கார்ந்திருப்பான். “சாப்பிடு கண்ணு” என்று சொல்லி முழங்கையை லேசாகத் தொட்டால் கை நகர்ந்து வாய்க்குப் போகிறது.

எனக்குப் புரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கோயில் திடலில் மாலை வேளைகளில் வள்ளிக் கும்மி பழக்குகிறார்கள். ஒரு நாள் படியில் அவன் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தபோது திடலில் பாட்டு தொடங்கியது. கைதட்டும் தாளம் காதில் விழுந்ததும் படியைத் தாண்டி இறங்கி, எங்கும் நிற்காமல் திடல் வரை நடந்து போய்விட்டான். இதைப் பள்ளியில் சொன்னதற்கு, “பார்த்தீர்களா, பிடித்தது என்றால் நடக்கிறான், மற்றதெல்லாம் அடம்” என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு தனியார் மையத்தில் காட்டினோம். சிறுநீரைப் பரிசோதித்து, மூளையில் டோபமைன் குறைவு, செரட்டோனின் அதிகம் என்று வண்ணக் கட்டங்கள் போட்ட ஓர் அறிக்கை கொடுத்தார்கள். மாதம் ஆறாயிரம் ரூபாய்க்குச் சத்துப் பொடியும் வைட்டமின் மாத்திரையும் மூன்று மாதமாகக் கொடுத்துவருகிறோம். மாற்றம் எதுவும் இல்லை. இது தவிர, தன்னைத்தானே அடித்துக்கொள்வதற்காக 14 வயதிலிருந்து ரிஸ்பெரிடோன் சாப்பிடுகிறான். சித்திரையில் அளவைக் கூட்டியிருந்தார்கள்.

மூளையின் வேதிப்பொருள்களுக்கும் உடம்பு இப்படி நின்றுபோவதற்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? இவன் வேண்டுமென்றுதான் செய்கிறானா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1
எழுதியவர்: காவிரிக்கரை, ஈரோடு

அக்கா, நான் ஈரோட்டில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அடம் பிடிக்கிற பிள்ளைக்குப் பதினான்கு முறை காலைத் தூக்கி வியர்த்துப்போக வேண்டிய அவசியமில்லை. அவன் படியின் இந்தப் பக்கமே உட்கார்ந்துவிடுவான். உங்கள் மகன் போக விரும்புகிறான், அவனால் முடியவில்லை.

ஆட்டிசம் என்றால் பேச்சும் பழகும் விதமும் மட்டுமே என்று பலரும் நினைக்கிறார்கள். நம் அரசு ஆவணங்களில் வழங்கும் “புற உலகச் சிந்தனையற்றோர்” என்ற பெயரே அந்த எண்ணத்தை வளர்க்கிறது என்பது என் வருத்தம். 1943-இல் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, அவர்களில் சிலருடைய நடை சீராக இல்லை என்ற குறிப்பு இருக்கிறது. அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் தாம் கண்ட சிறுவர்களின் உடல் தடுமாற்றத்தை விரிவாக எழுதினார். அமெரிக்காவின் ஸ்பார்க் என்ற பெரிய ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்த குடும்பங்களின் விடைகளைக் கொண்டு 2020-இல் வெளியான ஆய்வு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினருக்கு அசைவுக் குறைபாடு இருக்க வாய்ப்புண்டு என்று காட்டியது. அவர்களில் இயன்முறைச் சிகிச்சை பெற்றுவந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆனால், பொத்தான் போடத் தடுமாறுவது வேறு, ஆடி மாதத்துக்குப் பிறகு புதிதாக வந்திருக்கும் இந்த நின்றுபோதல் வேறு. முன்னது பிறவியிலிருந்து கூட வருவது; பயிற்சியால் மெல்ல மெல்லச் சீராகும். பின்னது, இருந்த திறன் இல்லாமல் போவது. பதின்பருவத்தில் ஒரு பிள்ளை முன்பு செய்ததைச் செய்ய முடியாமல் போனால், அதைப் பயிற்சி வகுப்பில் வைத்துச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. மருத்துவர் பார்த்தாக வேண்டும். படியில் நிற்பதையும் சாப்பிடுவதையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். மருத்துவமனை அறையில் பல பிள்ளைகள் சாதாரணமாக நடந்துவிடுவார்கள். அப்போது நீங்கள் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள்.

பதில் 2
எழுதியவர்: பழைய ஆசிரியர், கோயம்புத்தூர்

அம்மணி, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். மருத்துவ மாணவர்களுக்கு மருந்தியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவன் அல்லன். ஆகவே நான் சொல்வதை வைத்து மருந்தை மாற்றாதீர்கள். சரியான கேள்விகளோடு மருத்துவரிடம் போவதற்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மூளை வேதியியலுக்கும் அசைவுக்கும் தொடர்பு உண்டு. அந்த மையம் உங்களிடம் அதைச் சொன்ன விதம்தான் தவறு.

உங்கள் மகன் பார்த்துக்கொண்டு நிற்கும் மடையையே எடுத்துக்கொள்வோம். மூளையின் அடியில் பேசல் கேங்க்லியா என்று அழைக்கப்படும் நரம்புத் திரள்கள் இருக்கின்றன. அவற்றின் வேலை பெரும்பாலும் அடைத்து வைப்பது. காபா என்ற வேதிப்பொருளின் வழியாக அவை எல்லா அசைவுகளையும் எந்நேரமும் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. ஒரு காலைத் தூக்க வேண்டும் என்றால், அந்த ஓர் அசைவுக்கு மட்டும் மடை திறக்க வேண்டும். மற்றவை அடைத்தபடியே இருக்க வேண்டும். நடுமூளையிலிருந்து வரும் டோபமைன், மடை திறப்பதை எளிதாக்குகிறது. பார்க்கின்சன் நோயில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிந்துபோவதால்தான் நடை தொடங்க முடியாமல் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. அந்த நோயாளிகளுக்கு முன்னால் தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால், அல்லது தாளம் தட்டினால், பலர் நடந்துவிடுவார்கள். உள்ளிருந்து பிறக்க வேண்டிய தூண்டுதலுக்குப் பதிலாக, கண்ணும் காதும் தருகிற தூண்டுதல் மூளையின் வேறு பாதைகளைப் பிடித்துக்கொண்டு காலை நகர்த்துகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். கும்மித் தாளத்துக்கு உங்கள் மகன் இறங்கி நடந்ததை நான் இந்தக் கண்கொண்டுதான் பார்க்கிறேன். அவனுக்கு அது பிடித்திருக்கலாம். ஆனால் பிடித்தது என்பதற்காக மட்டும் அவன் நடக்கவில்லை.

இந்த ஒப்புமை நானாகக் கண்டுபிடித்ததல்ல. 1978-இல் டமாசியோ, மாரர் என்ற இரு நரம்பியல் அறிஞர்கள், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் நடையையும் முகத்தசை அசைவையும் பார்த்து, பேசல் கேங்க்லியாவும் அதோடு இணைந்த டோபமைன் பாதைகளும் இதில் பங்கு பெறுகின்றன என்று ஒரு கருத்தை முன்வைத்தார்கள். 1985-இல் பாமன், கெம்பர் ஆகிய இருவர், ஆட்டிசத்தோடு வாழ்ந்து இறந்த ஒருவரின் மூளையை ஆராய்ந்து, சிறுமூளையில் பர்கின்ஜி செல்கள் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். அசைவை அளந்து சீராக்கும் அந்தச் செல்கள் பேசும் மொழியும் காபாதான். எனவே டோபமைன் ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டி, அது குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஆட்டிசம் உள்ள எல்லாருக்கும் ஒரே வேதிப்பொருள் ஒரே திசையில் மாறியிருப்பதாக இதுவரை எவரும் நிறுவியதில்லை.

இப்போது அந்தச் சிறுநீர் அறிக்கைக்கு வருகிறேன். சிறுநீரில் இருக்கும் டோபமைனின் பெரும்பகுதியைச் சிறுநீரகமே உண்டாக்குகிறது. மூளையில் என்ன நடக்கிறது என்பதை அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையில் ஒரு தடுப்பு இருக்கிறது. டோபமைனால் அதைக் கடக்க முடியாது. அதனால்தான் பார்க்கின்சன் நோய்க்கு டோபமைனையே கொடுக்காமல், தடுப்பைக் கடக்கக்கூடிய லெவோடோபாவைக் கொடுக்கிறோம். செரட்டோனின் கதையும் இப்படித்தான். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளின் இரத்தத்தில் செரட்டோனின் மிகுந்திருப்பதை 1961-இலேயே ஷெயின், ஃப்ரீட்மன் இருவரும் கண்டார்கள். அது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கேனும் இருக்கிறது என்பது பின்னர் பலமுறை உறுதிப்பட்டது. ஆனால் அது குடலில் உண்டாகி, இரத்தத் தட்டணுக்களில் சேர்ந்திருக்கும் செரட்டோனின். மூளையில் உள்ளதன் அளவு அன்று. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து ஒரு சிகிச்சை பிறக்கவில்லை. ஒரு பொடிக்காரர் மூன்று மாதத்தில் அதைச் செய்துவிட்டதாகச் சொன்னால் நாம் ஐயப்பட வேண்டும்.

பொடியில் பெரும்பாலும் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கும். உடம்பு அதிலிருந்துதான் டோபமைனைச் செய்கிறது என்பது உண்மையே. ஆனால் எவ்வளவு செய்வது என்பதை ஒரு நொதி கட்டுப்படுத்துகிறது. கூடுதலாகத் தின்றால் கூடுதலாகச் சுரக்கும் என்று கணக்குப் போட முடியாது. பாலிலும் பருப்பிலும் நிலக்கடலையிலும் டைரோசின் வேண்டிய அளவு இருக்கிறது. மாத்திரையைப் பற்றி மட்டும் கவலையோடு சொல்கிறேன்: அதில் வைட்டமின் பி6 எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். பெரிய அளவில் மாதக்கணக்கில் கொடுத்தால் அதுவே கை கால் நரம்புகளைக் கெடுத்து நடையைத் தள்ளாட வைக்கும்.

ரிஸ்பெரிடோனைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் என்னை மிகவும் நிறுத்தியது. ரிஸ்பெரிடோன் டோபமைன் ஏற்பிகளை அடைக்கும் மருந்து. ஆட்டிசத்தில் வரும் கடும் எரிச்சலுக்கும் தன்னைத்தானே தாக்குவதற்கும் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2006-இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. பல குடும்பங்களுக்கு அது உதவியிருக்கிறது. ஆனால் உடல் விறைப்பு, மந்த அசைவு, கை நடுக்கம், ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு ஆகியவை அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். சித்திரையில் அளவைக் கூட்டியிருக்கிறார்கள், ஆடிக்குப் பின் அவன் நிற்கத் தொடங்கியிருக்கிறான். அதனால்தான் இது வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு மாதங்களின் பெயரையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு வாய்ப்பு கேட்டடோனியா, அதாவது உடலின் அசைவு உறைந்துபோகும் நிலை. பதின்பருவத்திலும் அதற்குப் பின்னும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது தலைகாட்டக்கூடும். லோர்னா விங், அமிதா ஷா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களிடம் அனுப்பப்பட்ட 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17 விழுக்காட்டினருக்கு இதன் அறிகுறிகள் இருந்தன. அசைவைத் தொடங்கவும் முடிக்கவும் முடியாமை, படியிலும் வாசலிலும் முன்னும் பின்னுமாக ஆடுவது, பாதியில் உறைவது, யாராவது தொட்டாலோ சொன்னாலோ நகர்வது ஆகிய அனைத்தும் அவர்கள் எழுதியவை. நீங்கள் எழுதியதும் அதுவே. 2013-இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டிலும் ஆட்டிசத்தோடு கேட்டடோனியாவைச் சேர்த்துக் குறிப்பிட இடம் வைக்கப்பட்டது. இதற்கு முதலில் கொடுத்துப் பார்க்கும் மருந்து லோராசெபாம். அது காபாவின் வேலைக்கு வலுவூட்டுகிறது. அசைவை நிறுத்தி வைக்கும் காபாவுக்கு வலுவூட்டினால் உறைந்த உடல் ஏன் இளகுகிறது என்று என் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள். காபா மூளையின் ஓரிடத்தில் மட்டும் வேலை செய்வதில்லை. அடைப்பவனையும் அடைக்கிற காவல் அது. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் கேட்டடோனியாவை மோசமாக்கக்கூடும் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே ஆராய வேண்டும்.

மருந்தை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். காய்ச்சல், உடல் மரம்போல் விறைப்பது, சோறும் தண்ணீரும் உள்ளே போகாமல் இருப்பது என்று எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அது உயிருக்கே ஆபத்தான நிலை. அவசரம் இல்லாத நிலையில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவும் நரம்பியல் பிரிவும் சேர்ந்து பார்ப்பது நல்லது. வலிப்பு, மனச்சோர்வு, உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய் ஆகியவற்றையும் இந்த வயதில் அவர்கள் விலக்கிப் பார்ப்பார்கள்.

பொடி வேலை செய்யவில்லை என்றதும் அடுத்து வேறொருவர் ஸ்டெம்செல் ஊசி என்று வருவார். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒழுங்காக நடந்த பெரிய சோதனைகளிலேயே, ஆட்டிசத்துக்கென்று கொடுத்துப் பார்த்த ஆக்சிடோசின் மூக்குத் தெளிப்பும் புமெட்டனைடு என்ற மருந்தும் 2021-இல் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. தறி ஓட்டிச் சேர்த்த பணத்தை இவற்றில் போடாதீர்கள்.

பதில் 3
எழுதியவர்: செக்கிங் மேசை, திருப்பூர்

வணக்கம். எனக்கு 31 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். 24 வயதில்தான் எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது. பேச்சு உண்டு, ஆனால் எழுதுவதே எளிது.

உங்கள் மகனுக்கு இருக்கும் அளவுக்கு எனக்கு இல்லை. ஆனாலும் படி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நினைப்பு படியைத் தாண்டிப் போய்விடும், கால் இங்கேயே இருக்கும். அந்த நேரத்தில் பின்னால் இருப்பவர்கள் பேசுவதெல்லாம் காதில் தெளிவாக விழும். “வேணும்னே நிக்கறான்” என்ற சொல்லும் விழும். அதற்குப் பதில் சொல்லவும் ஓர் அசைவு வேண்டும். அந்த அசைவும் வராது. இதை எழுதுவதன் காரணம், உங்கள் மகன் நின்றுகொண்டிருக்கும்போது அவன் முன்னால் அவனைப் பற்றிப் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகத்தான்.

எங்கள் கம்பெனி மாடிப்படியில் நான் நின்றுவிட்டால், கூட வேலை செய்யும் ஓர் அக்கா கைப்பிடிக் கம்பியில் விரலால் மூன்று முறை தட்டுவார். மூன்றாவது தட்டில் நான் இறங்கிவிடுவேன். அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். ஒரு நாள் தற்செயலாகத் தட்டியபோது நான் இறங்கியதைப் பார்த்து நினைவில் வைத்துக்கொண்டார். இழுத்தால் எனக்கு இன்னும் இறுகிவிடும். அவசரப்படுத்தினாலும் அப்படித்தான்.

மீண்டும் எழுதியவர்: தறிவீட்டுத் தாய்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். படம் பிடித்த கைப்பேசியோடு அரசு மருத்துவமனைக்குப் போனோம். காவிரிக்கரை சொன்னதுபோலவே அங்கே வாசலில் அவன் நிற்காமல் உள்ளே போய்விட்டான். படத்தைக் காட்டிய பிறகே மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவனுடைய கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிவிட்டுத் தம் கையை எடுத்துக்கொண்டார். அவன் கை அங்கேயே நின்றது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அது கீழே இறங்கவில்லை. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் அதுவரை அதைச் சோதித்துப் பார்த்ததே இல்லை.

கேட்டடோனியா என்றே கருதுகிறார்கள். இரத்தப் பரிசோதனையும் மூளை மின்னலைப் பதிவும் எடுத்தார்கள். ரிஸ்பெரிடோனைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். லோராசெபாம் சிறிய அளவில் தொடங்கியிருக்கிறார்கள். முதல் வாரம் அதிகமாகத் தூங்கினான். இப்போது பதினான்கு முறை என்பது நான்கைந்து முறையாகியிருக்கிறது. சில நாள்களில் கூடுகிறது, சில நாள்களில் படியைக் கவனிக்காமலே தாண்டிவிடுகிறான். தன்னை அடித்துக்கொள்வது திரும்பி வருமோ என்ற பயம் இருக்கிறது. அதையும் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன். மாத்திரை டப்பாவைக் காட்டினேன். பி6 அளவு மிக அதிகம் என்று சொல்லி நிறுத்தச் சொல்லிவிட்டார். பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். வகுப்பு ஆசிரியை அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் உணவு இடைவேளையை அவனுக்கு மட்டும் அரை மணி நேரம் நீட்டியிருந்தார்.

அவனுடைய அப்பா தறிச்சட்டத்தில் தட்டுவதுபோல் வாசல் நிலையில் மூன்று முறை தட்டிப் பார்த்தார். முதல் நாள் எதுவும் நடக்கவில்லை. நான்காம் நாள் இறங்கினான். திருப்பூர்த் தம்பிக்கு ஒரு கேள்வி: சோறு பாதியில் நிற்கும்போது நான் முழங்கையைத் தொடுகிறேனே, அது அவனுக்குத் தொந்தரவாக இருக்குமா?

பதில் 4
எழுதியவர்: செக்கிங் மேசை, திருப்பூர்

அக்கா, எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்காது. எனக்கு வலது பக்கம் தொட்டால் பரவாயில்லை. இடது பக்கம் தொட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிடுவேன். தொடப் போவதை முதலில் சொல்லிவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணிய பிறகு தொடுங்கள். எந்தக் கையைத் தொடலாம் என்று அவன் நன்றாக இருக்கும் நேரத்தில், அப்புச்சியின் தோட்டத்து வரப்பில் நிற்கும்போது அவனிடமே கேளுங்கள். இரண்டு கைகளையும் காட்டிக் கேளுங்கள். விடை வர அரை மணி நேரம் ஆனாலும் மறுமுறை கேட்காமல் காத்திருங்கள். மறுமுறை கேட்டால் எனக்கெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.